கவர் போட்டாச்சு

அன்னத்துக்குத் தலை இல்லை. கழுத்து முறிந்த இடத்தில் ஒரு சாண் அகலத்துக்கு ஓட்டை. உடம்பு மட்டும், பீன்யாவில் ஒரு தகரக் கம்பெனியின் பின்பக்கத்தில், இரண்டு டிரம்களின் மேல் குப்புறக் கிடந்தது. ஏதோ ஒரு பூங்காவில் ஜோடி ஜோடியாக உட்கார்ந்து காலால் மிதித்து ஓட்டிய படகு அது. பெடல் துருப்பிடித்து, அடிப்பாகம் விரிசல் விட்டு, கடைசியில் பழைய சாமான் கடைக்கு வந்து சேர்ந்திருந்தது. போன மாதம் அந்தக் கடையில் உத்தமன் அதை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, விரல் முட்டியால் அங்கங்கே தட்டிக் காது கொடுத்துக் கேட்டு, பேரம் பேசி முடித்தபோது கடைக்காரன் சிரித்தான்.

"தலை அங்க தனியா கெடக்குது. அதுக்கு துட்டு வேணாம், அதையும் எடுத்துக்கினு போ."

அந்தத் தகரக் கம்பெனியில் வேலை பார்க்கிற, உத்தமனுடைய மச்சான் ராஜேந்திரன் டெம்போவிலிருந்தே குரல் கொடுத்தான். "வூட்ல ஒரு அன்னம் இருக்கறது பத்தலையா மாப்ளே? என் தங்கச்சி இதுக்கும் சேத்து சோறாக்கணுமா?"

உத்தமனின் பெண்சாதி பெயர் அன்னம்மாள். அன்றிலிருந்து படகுக்கு 'சின்ன வீடு' என்று பெயராகிவிட்டது.

உத்தமன் இருபத்திரண்டு வருஷம் ஃபைபர் வேலை பார்த்தவன். தண்ணீர்த் தொட்டி, கக்கூஸ் கதவு, பேருந்து பம்பர், எது வந்தாலும் அச்சில் மேட் என்கிற ஃபைபர் இழைப் பாயை விரித்து, ரெசின் என்கிற பிசினை ஊற்றி, பிரஷ்ஷால் குத்திக் குத்தி உருவாக்கிவிடுவான். ரெசின் கையைத் தின்றது. விரல் இடுக்கெல்லாம் வெடித்து, உப்புத் தண்ணீர் பட்டால் உயிர் போகும். மூச்சும் முன்போல் இல்லை. போன தீபாவளிக்குப் பிறகு அந்தக் கம்பெனியையே மூடிவிட்டார்கள். மூடாவிட்டாலும் அவனால் இன்னும் ரொம்ப நாள் ஓட்டியிருக்க முடியாது.

அந்தச் சமயத்தில்தான் முத்துக்கெரே ஏரிக்கு ஒட்டுவேலைக்குப் போனான். ஊருக்கு வெளியே, நெலமங்கலா பக்கம் இருக்கிறது அந்த ஏரி. மீன் குத்தகை ப்ரஹ்லாத் என்பவர் கையில். படகுகளின் ஓட்டையை அடைக்கப் போன உத்தமன், வனஜா என்கிற மீன்காரியின் புருஷன் கை ஒடிந்து கிடந்தபோது மூன்று மாதம் அவள் படகில் துடுப்புப் போட்டான். அங்கே படகுக்கு இரண்டு பேர், அதுவும் புருஷன் பெண்சாதியாக இருந்தால் நல்லது என்பது வழக்கம். ஒருவர் துடுப்புப் போட, ஒருவர் வலை விட. பிடித்த மீனில் குத்தகைக்காரர் பங்கு போக மிச்சம் ஒரே வீட்டுக்கு. வனஜாவின் புருஷனுக்குக் கை சரியானதும் உத்தமன் ப்ரஹ்லாத்திடம் போய் நின்றான்.

"நம்பர் ஒண்ணு இதே," என்றார் அவர் கன்னடம் கலந்த தமிழில், ஒன்று காலியாக இருக்கிறது என்று. ஒவ்வொரு படகுக்கும் ஒரு தகர நம்பர் கம்பியால் கட்டியிருக்கும். பத்துப் படகுக்குமேல் அந்த ஏரி தாங்காது. "நாலாம் நம்பர். பேடா அந்த்தீரா?"

வேண்டாம் என்று சொல்வாயா என்று அவர் கேட்டதற்குக் காரணம் இருந்தது. போன வருஷம் நாலாம் நம்பர் படகு நடு ஏரியில் தண்ணீர் ஏறி முழுகியது. புருஷனையும் பெண்சாதியையும் மறுநாள்தான் எடுத்தார்கள்.

"நம்பருக்கு இன்னாய்யா தோஷம்? தோஷம் படகுல," என்றாள் வனஜா பக்கத்திலிருந்து. "மெதவை வெக்காத படகு. கல்லாட்டம் எறங்கிடுச்சு."

ப்ரஹ்லாத் கறாராகச் சொல்லிவிட்டார். சொந்தப் படகு. ஆளுக்கொரு மிதவைச் சட்டை. படகுக்குள் தண்ணீர் நிரம்பினாலும் படகு முழுகக் கூடாது. இன்றிலிருந்து ஐந்தாவது ஞாயிற்றுக்கிழமைக்குள் படகு கரையில் நிற்க வேண்டும். "வரிசைல இன்னும் மூணு ஜோடி நிக்குது உத்தமா. யாருக்கும் நான் காத்திருக்க மாட்டேன்."

நாற்பது வயதுக்குமேல் எழுத்துக் கூட்டப் பழகியவன் உத்தமன். அதனாலேயோ என்னவோ, எழுதி வைத்த எதற்கும் அவனிடம் ஒரு மரியாதை உண்டு. சிமென்ட் மூட்டைக் காகிதத்தைக் கிழித்து, தேவையானதை எல்லாம் கொட்டை எழுத்தில் எழுதி, ராஜேந்திரனின் கம்பெனிச் சுவரில் ஆணியில் குத்தி வைத்தான். ஒவ்வொன்றும் கைக்கு வரவர ஒரு டிக் போடுவான். ஃபைபர் கம்பெனி கணக்குத் தீர்த்துக் கொடுத்ததில் படகும் ரெசினும் போக வலைக்குத்தான் மிச்சம். மற்றதெல்லாம் கண்ணில் பட்டதை வைத்துத்தான். துடுப்புக்கு பி.வி.சி. பைப், அதன் நுனியில் பழைய ஃபைபர் கதவில் வெட்டிய பலகை. நங்கூரத்துக்குப் பெயின்ட் டப்பாவில் சிமென்ட் ஊற்றி நடுவில் ஒரு கொக்கி. தண்ணீர் இறைக்க வாய் வெட்டிய ஆயில் கேன். கயிறு, லாரிக்காரன் தார்பாய் கட்டி அலுத்துப் போட்டது. மிதவைச் சட்டை மட்டும் ஒன்று புதிது, இன்னொன்று பழையது. பழையது அமுங்கி அப்பளமாகியிருந்தது.

மிதவைக்குத்தான் அன்னம்மாள் பாடுபட்டாள்.

பிரேசர் டவுனில் ஒரு அபார்ட்மென்ட்டில் அவள் பெருக்கித் துடைக்கிற வேலை செய்தாள். அங்கே புதிதாகக் கட்டிய பகுதிக்குத் தினமும் யாராவது குடி வருவார்கள். ஃபிரிட்ஜ் வரும், டி.வி. வரும். அதைச் சுற்றிவந்த தெர்மாகோலைக் குப்பையில் எறிவார்கள். படகின் முன் இருக்கையும் பின் இருக்கையும் பெட்டி மாதிரி; அதற்குள் தெர்மாகோலை அடைத்து மூடினால் படகு எந்தக் காலத்திலும் முழுகாது என்று உத்தமன் சொன்னதும் ஒரு துண்டு விடாமல் சேர்க்க ஆரம்பித்தாள். மெத்தையைச் சுற்றி வருகிற தடித்த பிளாஸ்டிக் கவர்களையும் சேர்க்கச் சொல்லியிருந்தான். அதையும் ஒரு கோணிப்பையில் திணித்தாள். எல்லாவற்றையும் பேருந்தில் ஏற்றி, பீன்யாவில் கொண்டு வந்து இறக்கினாள். ஒரு மாதம்.

"கண்டக்டரு லக்கேஜ் டிக்கெட்டு வாங்குன்றான்," என்று சிரித்தாள் ஒருநாள். "எடையே இல்லாததுக்கு இன்னாய்யா லக்கேஜுன்னு கேட்டேன். எடை இல்லம்மா, எடம் அடைக்குதுன்றான். அப்டீன்னா உன் தொப்பைக்கும் சேத்து டிக்கெட்டு கிழின்னேன். பஸ்ஸே சிரிச்சுது."

அன்னம்மாளுக்கு நீச்சல் தெரியாது. அவளை ஏரிக்குக் கூட்டிக்கொண்டு போய் வனஜாவின் படகில் உட்கார வைத்தபோது இரண்டு கையாலும் பலகையைப் பிடித்தவள் கரை வரும்வரை விடவில்லை. ஆனாலும் வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டாள். சனிக்கிழமையோடு கடைசி.

முன் இருக்கையை உத்தமன் தன் கையாலேயே மூடினான். தெர்மாகோலை அளவாக அறுத்து, ஒவ்வொரு கட்டையையும் மெத்தைக் கவரில் இரண்டு சுற்றுச் சுற்றி, டேப் போட்டு ஒட்டி, சந்து இல்லாமல் அடுக்கி, மேலே பலகை வைத்து, அதன்மேல் மேட் விரித்து ரெசின் அடித்தான். ரெசின் பச்சையாகத் தெர்மாகோலில் பட்டால் போதும், அதைத் தின்று பசையாக்கிவிடும். ஃபைபர் வேலையில் முதல் நாள் சேர்ந்தவனுக்கும் தெரியும் இது. கவர் அதற்குத்தான்.

வியாழக்கிழமை சிவாஜிநகரில் ஒருவன் மலிவாக வலை தருகிறேன் என்று வரச் சொல்லியிருந்தான். மலிவு வலையைக் கண்ணி கண்ணியாகப் பார்த்து வாங்க வேண்டும். பாதி வலையில் இருக்கும்போது ராஜேந்திரன் போன் செய்தான்.

"மாப்ளே, கம்பெனில கரென்ட்டு இல்ல. சும்மா ஈ ஓட்டினு குந்தினுகிறேன். பின் சீட்டை நான் மூடிடட்டா?"

ராஜேந்திரன் தகர வேலைக்காரன். ஃபைபர் வேலை அவனுக்குப் புதிது. உத்தமன் முன் இருக்கையை மூடியபோது அவன் ஷிப்டில் இருந்தான், பார்க்கவில்லை. ஆனால் நாள் ஓடிக்கொண்டிருந்தது. உத்தமன் வலையை ஒரு கையிலும் போனை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டு ரெசினை இறுக வைக்கிற ஹார்ட்னர் எத்தனை மூடி என்று சொன்னான். பிரஷ் எப்படிக் குத்த வேண்டும் என்று சொன்னான்.

"முக்கியமான விசயம் கேளு மச்சான். தெர்மாகோலுக்குக் கவர் போட்டுட்டு, அதுக்கப்புறம்தான் ரெசின். கவர் சந்து இல்லாம இருக்கணும். ஒரு சொட்டு உள்ள எறங்கக் கூடாது."

"யாருக்கு யாரு கவர் போடச் சொல்லிக் குடுக்கறது? இருவது வருசமா நான் கவர்தானடா போடறேன்!"

உத்தமன் சிரித்துக்கொண்டே போனை வைத்தான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வலையோடு வந்தவனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டினான் ராஜேந்திரன். பின் இருக்கை பளபளவென்றிருந்தது. மூலையெல்லாம் நூல் பிடித்த மாதிரி நேர். விளிம்பு சுற்றிலும் தகரம் மடித்து அடித்திருந்தான். முன் இருக்கையைவிட இது அழகு.

"எப்டி கவரு? ப்ளைவுட்டை ஒரு நூலு கூட பிசகாம அறுத்து எறக்கினேன். சந்துல எல்லாம் ரெசினை ஊத்து ஊத்துனு ஊத்தி அடைச்சேன். ஒரு எறும்பு போவாது உள்ள."

உத்தமன் முன் இருக்கையைத் தட்டினான். டப் டப் என்றது, நெல் மூட்டையைத் தட்டியது மாதிரி. பின் இருக்கையைத் தட்டினான்.

டொம்.

இன்னொரு பக்கம் தட்டினான். அங்கேயும் டொம். குனிந்து முகர்ந்தான். ரெசின் வாடைதான், ஆனால் அடியில் வேறொரு இனிப்புக் காறல் இருந்தது. நிமிர்ந்தபோது பெஞ்சுக்கு அடியில் அன்னம்மாளின் கோணிப்பை தெரிந்தது. வாய் கட்டின கட்டு அவிழாமல், பாதி மெத்தைக் கவர்கள் அப்படியே இருந்தன.

"கவர் போட்டியா மச்சான்?" என்று கேட்டான்.

"கண்ணு முன்னால கெடக்குதே, தெரியலையா?"

அப்போதுதான் உறைத்தது. மெஷின்களுக்குத் தகர மூடி அடிக்கிற கம்பெனி அது. அங்கே கவர் என்றால் மூடி. கவர் போடு என்றால் மூடி அடி. ராஜேந்திரன் இருபது வருஷமாக அதைத்தான் செய்கிறான். ஃபைபர்க்காரன் சொன்ன கவர் பெஞ்சுக்கு அடியில் கோணியில் கிடந்தது. தகரக்காரன் கேட்ட கவர் இருக்கையின் மேல் மினுமினுத்தது. ஊற்று ஊற்று என்று ஊற்றிய ரெசின் பலகைச் சந்தில் இறங்கி, உள்ளே இருந்த தெர்மாகோலைத் தின்றுவிட்டது.

சொல்லிவிட வேண்டியதுதான். வாய் வரைக்கும் வந்தது.

ரெசின் டின்னைத் தூக்கிப் பார்த்தான். அடியில் ஒரு தம்ளர் அளவு இருந்தது. இருக்கையைப் பெயர்த்து, புதுத் தெர்மாகோல் தேடி, மறுபடியும் மூடி, அது இறுக ஒருநாள் விட்டு… ஞாயிறு நாளை மறுநாள். ராஜேந்திரனோ, ஒரு சொல் தடித்துவிட்டது என்று கூடப்பிறந்த தம்பியோடு ஆறு வருஷமாகப் பேசாதவன். தன் லீவையும் போட்டு, முதலாளி காலைப் பிடித்துக் கம்பெனியில் இடமும் வாங்கிக் கொடுத்தவனிடம், நீ அடித்த கவர்தான் படகைக் கெடுத்தது என்று எப்படிச் சொல்வது?

உள்ளே காற்று இருக்கிறதே. காற்றும் மிதக்கும். தண்ணீர் உள்ளே போகாத வரைக்கும் மிதக்கும். ஒரு மாதம் ஓட்டிவிட்டு, நாலு காசு கையில் வந்ததும் சத்தமில்லாமல் பிரித்துச் சரி செய்துவிடலாம். அடித்துப் புரண்டு கொண்டு நாளைக்கே முழுகிவிடப் போகிறதா என்ன?

"நல்லா வந்துக்குது மச்சான்," என்றான்.

சனிக்கிழமை பெயின்ட் அடித்தார்கள். கழுத்து ஓட்டையை அடைத்து, அதன்மேல் மொட்டையாக நின்ற முண்டுக்கு ராஜேந்திரன் சிவப்பு அடித்தான். "குங்குமம் வெச்சாச்சு சின்ன வூட்டுக்கு." மத்தியானம் அன்னம்மாள் வேலையை முடித்துக்கொண்டு நேராக அங்கேயே வந்தாள். கையில் ஒரு சுவர்க்கடிகாரம். அபார்ட்மென்ட்டில் எல்லாரும் சேர்ந்து கொடுத்தார்களாம்.

"பதினோரு வருசம் லேட்டா வந்தே லேட்டா வந்தேன்னு திட்டினாங்க. போகும்போது கடியாரம் குடுக்கறாங்க பாரு," என்றவள் சுவரில் இருந்த காகிதத்தைப் பார்த்தாள். அவளுக்கும் எழுத்துக் கூட்டத் தெரியும். "மெதவைக்கு இன்னும் டிக்கு போடலையே. ரெண்டு சீட்டும் முடிஞ்சிடுச்சில்ல?"

உத்தமன் கையில் பெயின்ட் பிரஷ் இருந்தது. பேனாவை அவளே எடுத்து நீட்டினாள். வெடித்த விரலால் பிடித்து, 'மிதவை 2' என்பதற்கு எதிரே ஒரு டிக் போட்டான். டிக் கோணலாக விழுந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை டெம்போவில் படகை ஏற்றி முத்துக்கெரேக்குக் கொண்டு போனார்கள். வெயில் ஏறியிருந்தது. கரையில் மீன் எடை போட்டு முடித்து எல்லாரும் வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்கள்.

"இன்னாய்யா இது, கோழி தோலுரிச்ச மாதிரி கீது?" என்றாள் வனஜா.

"கோழி இல்லம்மா, அன்னம். தலை வூட்ல கீது, சாப்பாட்டு நேரத்துக்கு மட்டும் மாட்டிப்போம்," என்றான் ராஜேந்திரன். சிரிப்பு எழுந்தது. உத்தமனும் சிரித்தான். வாய்தான் சிரித்தது.

ப்ரஹ்லாத் வந்தார். போன வருஷத்துக்குப் பிறகு அவர் எதையும் சும்மா விடுவதில்லை. விரிசல் ஒட்டிய இடத்தை நகத்தால் சுரண்டினார். நங்கூரத்தைத் தூக்கிப் பார்த்தார். பழைய மிதவைச் சட்டையை அமுக்கி முகம் சுளித்தார். முன் இருக்கையைத் தட்டினார். பின் இருக்கையையும் தட்டினார். டொம் என்றது. உத்தமன் தரையைப் பார்த்தான்.

"பின்னாடி வேலை பஹள நல்லா இதே, ரொம்ப நல்லா," என்றார் ப்ரஹ்லாத். "யாரு செஞ்சது?"

"நம்ம கைங்க," என்றான் ராஜேந்திரன் நெஞ்சை நிமிர்த்தி.

ப்ரஹ்லாத் பையிலிருந்து நாலாம் நம்பர் தகரத்தை எடுத்துத் தானே கம்பியால் சிவப்பு முண்டில் கட்டினார். "ஆயித்து. ஒரு ரவுண்டு போய்ட்டு வாங்க. நாளையிலேர்ந்து வலை எறக்கலாம்."

நாலு பேர் தள்ளியதும் படகு வழுக்கிக்கொண்டு தண்ணீரில் இறங்கி, ஒரு ஆட்டம் ஆடி, நேராக நின்றது. முழங்கால் தண்ணீரில் உத்தமன் படகைப் பிடித்துக்கொண்டான். அன்னம்மாள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வந்தாள். கையில் இரண்டு மிதவைச் சட்டை. புதியதை அவன் தலைவழியாக மாட்டிவிட்டு, அப்பளமாகிய பழையதைத் தான் போட்டுக்கொண்டாள்.

"இது இன்னாத்துக்கு எனக்கு? நீ போட்டுக்கோ," என்றான்.

"நீதான் வலைக்குக் குனியப் போறே. எனக்கு இன்னா?" அவள் படகில் ஏறி, தடுமாறி, பின் இருக்கையில் போய் உட்கார்ந்தாள். போன தடவை மாதிரி பலகையைப் பிடித்துக்கொள்ளவில்லை. இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு கரையிலிருந்த அண்ணனைப் பார்த்துச் சிரித்தாள். "ஒரு மாசம் பஸ் பஸ்ஸா நான் தூக்கினு வந்த தெர்மாகோலு மேல குந்தினுகிறேன். இது என்னை வுட்டுடுமா? ஏறு, போலாம்."

உத்தமன் ஏறவில்லை.

"ஏறுப்பா மாப்ளே, நல்ல நேரம் போவுது."

"எறங்கு," என்றான் உத்தமன்.

"இன்னா?"

"எறங்குன்றேன் அன்னம். எறங்கி அந்தாண்ட போ."

அவள் முகத்தில் சிரிப்பு இன்னும் முழுதாகப் போகவில்லை. வேடிக்கை செய்கிறான் என்று நினைத்தாள். அவன் கையைப் பிடித்து இழுத்த இழுப்பில்தான் தெரிந்தது வேடிக்கை இல்லை என்று. இறங்கி நின்றாள். அவன் கரைக்குப் போய், சாமான் பையிலிருந்து சுத்தியலையும் உளியையும் எடுத்துக்கொண்டு வந்து, பின் இருக்கையின் பக்கவாட்டில், தரையை ஒட்டின இடத்தில் உளியை வைத்து ஓங்கி அடித்தான்.

"மாப்ளே! மாப்ளே! பைத்தியமா உனக்கு?"

மூன்றாவது அடியில் உளி உள்ளே போய்விட்டது. கெட்டியாக எதிலும் முட்டவில்லை. பிடுங்கியதும் அந்த இனிப்புக் காறல் குப்பென்று வெளியே வந்தது. உத்தமன் ஆயில் கேனை எடுத்துத் தண்ணீரை மொண்டு மொண்டு படகுக்குள் ஊற்றினான். பிறகு கேனை எறிந்துவிட்டுப் படகின் விளிம்பைப் பிடித்து அமுக்கினான். ஏரி உள்ளே வந்தது. பின் இருக்கை குபுக் குபுக்கென்று குமிழி விட்டது. பின்பக்கம் தண்ணீருக்குள் போய் அடி மண்ணில் உட்கார்ந்தது. முன்பக்கம் மட்டும் முழுகாமல் மேலே எழுந்து, சிவப்பு முண்டும் நாலாம் நம்பருமாக ஏரிக்கு மேலே நீட்டிக்கொண்டு நின்றது.

"பின்னாடி மெதவை இல்ல சார்," என்றான் உத்தமன் ப்ரஹ்லாத்திடம். "கரைஞ்சு போச்சு. ரெசின் பட்டுடுச்சு."

ராஜேந்திரன் செருப்போடு தண்ணீரில் இறங்கி வந்தான். "இன்னாடா சொல்றே? கவர் போட்டேனே! நீதானே போன்ல சொன்னே, கவர் போடு, சந்து இல்லாம போடுன்னு!"

"நான் சொன்னது பிளாஸ்டிக் கவரு மச்சான். கோணியில இருந்துதே, அது. கட்டைக்குச் சுத்தறது."

"அத்தைக் கவருன்னா எப்டிடா எனக்குத் தெரியும்? எங்க கம்பெனில வந்து கேளு, கவருன்னா இன்னான்னு! சின்னப் புள்ளையும் சொல்லும்! பையின்னு சொல்றது, தாளுன்னு சொல்றது!" அவன் உளி போன ஓட்டையைக் காட்டினான். "இத்தினி பேரு முன்னால என் வேலையை உளி வெச்சு ஒடைக்கறியே. நேத்தே சொல்லியிருந்தா நானே ஒடைச்சிருக்க மாட்டனா?"

உத்தமன் படகுக்குள் முழுகிக் கிடந்த உளியைத் தேடி எடுத்தான்.

ப்ரஹ்லாத் கரையோரம் வந்து படகைப் பார்த்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தார்கள். திட்டவில்லை. கால்சட்டையை மடித்துவிட்டு இறங்கி, கம்பியை அவிழ்த்து நம்பரை எடுத்துக்கொண்டார். "நாளைக்கு இன்னொரு ஜோடி வருது. இதை அவங்களுக்குக் குடுக்கறேன்," என்றார். கரையேறிப் போனவர் திரும்பி, "மழைக்காலத்துல யாராவது நின்னாங்கன்னா சொல்லி அனுப்பறேன். சொல்ல மாட்டேன்னும் இல்ல, சொல்வேன்னும் இல்ல," என்றார்.

அன்னம்மாள் படகுக்குப் பக்கத்தில் வந்தாள். உளி போன ஓட்டைக்குள் விரலை விட்டாள். வெளியே எடுத்தபோது விரலில் பல்லி முட்டை மாதிரி இரண்டு வெள்ளை உருண்டையும் பிசின் மாதிரி ஏதோவும் ஒட்டியிருந்தன. அதைக் கட்டைவிரலால் உருட்டிப் பார்த்தாள். உதறினாள், போகவில்லை. புடவையில் துடைத்தாள்.

"எப்போ தெரியும்?" என்று கேட்டாள்.

"எது?"

"யோவ். இது கரைஞ்சது உனக்கு எப்போ தெரியும்?"

அவள் அவனை யோவ் என்று கூப்பிடுவது இரண்டாவது தடவை. முதல் தடவை கல்யாணமான புதிதில்.

"வெள்ளிக்கெழமை சாய்ங்காலம்."

"இன்னிக்கி ஞாயித்துக்கெழமை," என்றாள்.

வனஜா அவள் தோளைத் தொட்டுக் கரைக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

படகில் இருந்த தண்ணீரை இறைத்து டெம்போவில் ஏற்ற மத்தியானமாகிவிட்டது. ராஜேந்திரன் ஒரு கை கொடுத்தான். ஏற்றி முடித்ததும் பேருந்தில் போகிறேன் என்று யாரிடமோ சொல்வதுபோல் சொல்லிவிட்டு ரோட்டுப் பக்கம் நடந்தான். முன்னால் டிரைவர் பக்கத்தில் இடம் இருந்தும் அன்னம்மாள் பின்னால் ஏறி, படகுக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டாள். முன் இருக்கையில். பழைய மிதவைச் சட்டையை இன்னும் கழற்றவில்லை. உத்தமனும் பின்னால் ஏறி, உடைத்த இருக்கையின் ஓரமாக உட்கார்ந்தான். மடியில் சாமான் பை.

டெம்போ நெடுஞ்சாலைக்கு வந்தது. லாரிகள் ஒதுங்கிப் போகச் சொல்லி ஹாரன் அடித்தன. பைக்கில் வந்த ஒருவன் தலை இல்லாத அன்னத்தையும் அதற்குள் உட்கார்ந்திருந்த பெண்பிள்ளையையும் பார்த்துச் சிரித்துக்கொண்டே போனான். நாளைக்குப் போய் வேலையைத் திரும்பக் கேட்டால் கொடுப்பார்களா, அந்தக் கடிகாரத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்குமா என்றெல்லாம் உத்தமன் யோசித்துக்கொண்டிருந்தான். அதைச் சொன்னால் அவள் ஒருவேளை சிரிக்கக்கூடும் என்று தோன்றியது. சொல்லவில்லை.

அன்னம்மாள் விரல் முட்டியால் தான் உட்கார்ந்திருந்த இருக்கையைத் தட்டினாள். டப் டப் என்றது. காதைச் சாய்த்துக்கொண்டு இன்னொரு தடவை தட்டினாள், அவன் தட்டுவது மாதிரியே.

"இது?"

"அது நான் மூடினது. கவர் சுத்தி, டேப்பு போட்டு. அதுல ஒண்ணும் இல்ல."

"தொறந்து காட்டு."

"நல்லா இருக்கறதை ஏன் தொறக்கணும்? நீயே பாத்தியே, முன்னாடி முழுகலையே. தொறந்தா மறுபடி மூட ரெசின் இல்ல அன்னம். இருந்த ஒரு மெதவையும் போயிடும்."

"தொறந்து காட்டு," என்றாள் மறுபடியும். குரலில் கோபம் இல்லை. அதுதான் அவனைக் கலக்கியது. அவள் எழுந்து, ஆடுகிற படகில் விளிம்பைப் பிடித்தபடி ஒதுங்கி நின்று, இருக்கையைக் காலி செய்து கொடுத்தாள்.

உத்தமன் பையைத் திறந்து உளியை எடுத்தான்.